டிரைவர் போட்டதும் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லையா? ஃபார்மட்டுக்கு முன்னால் இவற்றைச் செய்து பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: அப்பாவின் கடையில் விண்டோஸ் 11 போட்ட ஒரு டெஸ்க்டாப். பிரின்டர் சரியாக அச்சடிக்கவில்லை என்று, எல்லா டிரைவர்களையும் (கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்கள்) ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஓர் இலவச மென்பொருளை இறக்கிப் போட்டீர்கள். அது ஒரு டஜனுக்கும் மேற்பட்ட டிரைவர்களை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கேட்டது. ரீஸ்டார்ட் ஆனதும் பின் நம்பர் கேட்கும் திரை வந்து நிற்கிறது. கீபோர்டில் எதை அழுத்தினாலும் எழுத்து விழவில்லை, மவுஸ் அம்புக்குறியும் நகரவில்லை. சர்வீஸ் கடையில் "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்கிறார்கள். உள்ளே நான்கு வருடக் கணக்கு இருக்கிறது, பேக்கப் இல்லை. என்ன செய்வது?

முதலில் மனதை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு எங்கேயும் போகவில்லை. பின் நம்பர் கேட்கும் திரை வரைக்கும் கணினி வருகிறது என்றால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸும் நன்றாக எழுகிறது என்று அர்த்தம். உங்கள் விரலிலிருந்து விண்டோஸுக்குப் போகும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. அந்த வழியைத் திறக்க டிஸ்க்கை அழிக்க வேண்டிய அவசியமே கிடையாது. பல வருடங்களாகக் கணினி பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மாதிரிப் பிரச்சினையோடு வந்த கணினிகளில் ஃபார்மட் செய்துதான் ஆகவேண்டும் என்று இருந்தவை மிகக் குறைவு. ஆனால் ஃபார்மட் செய்த பிறகு, "ஃபோட்டோவெல்லாம் எடுத்துத் தரமுடியுமா?" என்று கேட்டு வந்தவர்கள் நிறைய. அதனால் ஃபார்மட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள்.

வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று முடிவு செய்யலாம். நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் அந்தச் செய்தி முதலில் மதர்போர்டில் உள்ள யூஎஸ்பி கன்ட்ரோலர் சிப்புக்குப் போகிறது. அந்தச் சிப்பைக் கையாள ஒரு டிரைவர் இருக்கிறது. அதற்கு மேலே, "இங்கே செருகியிருப்பது கீபோர்டு" என்று புரிந்துகொள்கிற இன்னொரு டிரைவர். அதற்கும் மேலே, எந்த வகைக் கீபோர்டாக இருந்தாலும் ஒரே மாதிரி விண்டோஸிடம் கொண்டு சேர்க்கிற மூன்றாவது ஒன்று. இந்த மூன்றில் எது கெட்டாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: கீபோர்டு வேலை செய்யவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் கீபோர்டும் மவுஸும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான அடித்தளம், அதாவது யூஎஸ்பி கன்ட்ரோலரின் டிரைவர், தவறாக மாற்றப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். கீபோர்டு மட்டும் போய் மவுஸ் நன்றாக இருந்தால் நான் வேறு இடத்தில் தேடுவேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. கணினியை முழுக்க அணைத்து மறுபடி போடுங்கள். மதர்போர்டு கம்பெனியின் பெயர் திரையில் தெரியும்போதே கேப்ஸ் லாக் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருங்கள். விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். மவுஸின் அடியில் உள்ள சிவப்பு வெளிச்சத்தையும் கவனியுங்கள். இந்தப் பழுது உள்ள கணினியில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: ஆரம்பத்தில் கேப்ஸ் லாக் விளக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும், மவுஸ் வெளிச்சமும் இருக்கும். விண்டோஸ் சின்னத்தின் கீழே புள்ளிகள் சுற்றத் தொடங்கிய சில விநாடிகளில் கேப்ஸ் லாக் விளக்கு இருந்தபடியே உறைந்துவிடும், மவுஸ் வெளிச்சமும் பட்டென்று அணையும். விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்புகிற, மதர்போர்டிலேயே உள்ள பயாஸ் என்ற மென்பொருள் தன் சொந்த டிரைவரைக் கொண்டு கீபோர்டைக் கவனித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் அந்தப் பொறுப்பைத் தன் கைக்கு வாங்கிக்கொண்ட நொடியில்தான் விஷயம் கெட்டது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கீபோர்டோ போர்ட்டோ பழுதில்லை என்பது உறுதி. புதுக் கீபோர்டு வாங்கக் கிளம்ப வேண்டாம்.

பயாஸ் கட்டத்திலேயே கீபோர்டு பதில் சொல்லவில்லை என்றால் கதை வேறு. பயாஸில் ஃபாஸ்ட் பூட் அல்லது அல்ட்ரா ஃபாஸ்ட் என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் எழும்வரை சில மதர்போர்டுகள் யூஎஸ்பியை எழுப்புவதே இல்லை. அப்போது பயாஸுக்குள் நுழையவே முடியாது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு அளவு வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் இதற்குப் பிறகு விண்டோஸ் சாவி கேட்கக்கூடும். அதனால் கீழே பிட்லாக்கர் என்ற அந்த டிஸ்க் பூட்டைப் பற்றிச் சொல்வதைப் படித்துவிட்டு இதில் கைவையுங்கள்.

அடுத்து, கையில் உள்ள சுலபமான வழிகள். கீபோர்டைப் பின்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு யூஎஸ்பி போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். ஹப் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரே மதர்போர்டில் இரண்டு வெவ்வேறு கன்ட்ரோலர்கள் இருப்பது சாதாரணம். சில போர்ட்கள் மதர்போர்டின் முதன்மைச் சிப்பான சிப்செட்டிலிருந்து வரும், சில தனியாக வைத்த இன்னொரு கம்பெனியின் சிப்பிலிருந்து வரும். ஏஎம்டி ரைசன் கணினிகளில் சில போர்ட்கள் நேராகப் பிராசஸரிலிருந்தே வரும். மாற்றப்பட்ட டிரைவர் ஒன்றை மட்டும் கெடுத்திருந்தால் மற்ற போர்ட் உங்களைக் காப்பாற்றும். வயர்லெஸ் கீபோர்டு வாங்கி வந்து பயனில்லை. அதன் சிறு டாங்கிளும் அதே யூஎஸ்பியில்தான் உட்காருகிறது. புளூடூத்தும் பெரும்பாலான கணினிகளில் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கும்.

பின்பக்கத்தில் ஊதா, பச்சை நிறத்தில் வட்டமான பழைய பிஎஸ்-2 துளை இருக்கிறதா? இருந்தால் நல்ல காலம். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு, பாதி பாதியாக இரண்டு நிறமும் இருந்தால் இரண்டில் எதற்கும். இந்தத் துளைக்கும் யூஎஸ்பிக்கும் சம்பந்தமே இல்லை. டிரைவரும் வேறு, பாதையும் வேறு. பழைய பொருள் விற்கும் கடையிலோ, தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ ஒரு பிஎஸ்-2 கீபோர்டு கிடைத்தால் போதும். மவுஸ் இல்லாமலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம். கணினியை அணைத்த பிறகுதான் செருக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் அதை உணராது. யூஎஸ்பி கீபோர்டை இதில் மாட்டச் சிறிய இணைப்பான் விற்பார்கள். அது இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டுகளுக்கு மட்டும்தான் உதவும், இப்போது வருகிற பலவற்றுக்கு உதவாது.

லேப்டாப்பில் இதே பிரச்சினை வந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு பெரும்பாலும் யூஎஸ்பி வழியாக வருவதில்லை. அது செத்தால் வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். தொடுதிரை இருந்தால் அல்லது மவுஸ் மட்டும் உயிரோடு இருந்தால், லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மனித உருவம் போட்ட சின்னத்தைத் தொட்டு, திரையிலேயே கீபோர்டை வரவழைத்துப் பின் நம்பரைத் தட்டலாம். கடைக் கணினியில் ஏற்கெனவே எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்று, யாரும் அனுமதி கொடுக்காமலே நுழையும்படி கடவுச்சொல்லோடு அமைக்கப்பட்டிருந்தால், அந்த வழியாகவும் உள்ளே போய்விடலாம். ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர் எப்போதாவது அப்படி அமைத்து வைத்தாரா என்று அப்பாவிடம் ஒரு தடவை கேளுங்கள்.

இவை எதுவும் கைகொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் முக்கியமான கதவுக்கு வருகிறோம். விண்டோஸோடு கூடவே, அது எழ முடியாமல் போனால் உதவ, டிஸ்க்கின் தனிப் பகுதியில் ஒரு குட்டி விண்டோஸ் ஒளிந்திருக்கிறது. ரெகவரி என்விரான்மென்ட் என்று அதற்குப் பெயர், நீலத் திரையில் பெரிய கட்டங்களோடு வரும். அந்தக் குட்டி விண்டோஸுக்குத் தன் சொந்த டிரைவர்கள் உண்டு. நீங்கள் போட்ட மென்பொருள் பெரிய விண்டோஸின் டிரைவரைத்தான் மாற்றியது, இதைத் தொட்டிருக்காது. அதனால் பெரிய விண்டோஸில் செத்துக் கிடக்கும் அதே கீபோர்டும் மவுஸும் இங்கே உயிரோடு இருக்கும்.

உள்ளே போக விசை எதுவும் தேவையில்லை, பவர் பட்டன் போதும். கணினியைப் போடுங்கள். விண்டோஸ் சின்னமும் சுற்றும் புள்ளிகளும் வந்தவுடன் பவர் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அழுத்தி அணைத்துவிடுங்கள். மறுபடி போட்டு, மறுபடி அதே இடத்தில் அணையுங்கள். மூன்றாவது முறை தொடாமல் விடுங்கள். இரண்டு தடவை எழ முடியாமல் விழுந்துவிட்டோம் என்று விண்டோஸ் தானே முடிவுக்கு வந்து, "பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று காட்டி நீலத் திரைக்குப் போகும். லாகின் திரை வந்த பிறகு பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் அது ஒழுங்காக அணைந்துவிடும், அது கணக்கில் சேராது. சின்னம் தெரியும்போதே அணைக்க வேண்டும். திரையில் அப்டேட் ஆகிக்கொண்டிருப்பதாகச் சதவீதம் ஓடினால் மட்டும் கைவைக்காதீர்கள். அது முடியட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி 5066835 என்ற விண்டோஸ் 11 அப்டேட், இந்தக் குட்டி விண்டோஸிலேயே யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது. 24எச்2, 25எச்2 இரண்டு பதிப்புகளிலும். பெரிய விண்டோஸில் எல்லாம் நன்றாக இருந்ததால், ஆபத்து வந்து உள்ளே போகிறவரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறே நாளில், அக்டோபர் 20 அன்று, கேபி 5070773 என்ற அவசரத் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதற்குப் பிறகு அப்டேட் ஆன கணினி என்றால் கவலையில்லை. அந்த இடைப்பட்ட நிலையிலேயே நின்றுபோன கணினி என்றால் நீலத் திரையிலும் மவுஸ் அசையாது. அப்போது பிஎஸ்-2 கீபோர்டு அல்லது பென் டிரைவ்தான் வழி.

பென் டிரைவ் வழி இது. வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் விண்டோஸ் 11 நிறுவியைத் தயாரியுங்கள். அதிலிருந்த பழையவை அழிந்துவிடும், காலியான டிரைவாக எடுங்கள். கடைக் கணினியில் அதைச் செருகி, ஆரம்பத் திரையில் எஃப்12 அல்லது எஃப்11 அழுத்தி (மதர்போர்டைப் பொறுத்து மாறும்) அதிலிருந்து எழுப்புங்கள். இதற்கும் தன் சொந்த டிரைவர்கள் உண்டு. நிறுவும் திரை வந்ததும் எதையும் நிறுவாதீர்கள். பழுதுபார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள், அதே நீலத் திரைக்குப் போகும். ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டே நேராக வரும்.

உள்ளே நுழைந்ததும் பிட்லாக்கர் சாவி கேட்கலாம். 48 இலக்க எண். இது ஏதோ வைரஸ் என்று பயப்பட வேண்டாம். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11 24எச்2வில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்திருந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பலருக்கு இது தெரியவே தெரியாது. சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதே மின்னஞ்சல் முகவரியோடு மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் அங்கே உள்ளதோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள். அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலைப் போட்டிருந்தால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். சாவி இல்லாத நிலையில் யாராவது டிஸ்க்கை அழித்தால் கடைக் கணக்கு திரும்ப வரவே வராது. ஃபார்மட்டைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், சரிசெய்யத் தொடங்கும் முன் கடைக் கணக்கைத்தான் வெளியே எடுப்பேன். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போங்கள். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். வெறும் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து, கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். அந்தச் சின்னச் சன்னல் இப்போது முழு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி வேலை செய்யும். கணக்கு ஃபோல்டரைத் தேடி, வலது கிளிக் செய்து காப்பி கொடுத்து, பென் டிரைவுக்குப் போய்ப் பேஸ்ட் செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது, உறைந்துபோன மாதிரி இருக்கும். பென் டிரைவின் விளக்கு மினுக்குவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு வேறு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இது முடிந்துவிட்டால் மற்றதையெல்லாம் பதற்றமில்லாமல் செய்யலாம். கணக்கு மென்பொருள் தன் தரவை எங்கே வைக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். டாக்குமென்ட்ஸில் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது பழுது. அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். மென்பொருள் போட்ட நாளுக்கு முந்தைய மீட்புப் புள்ளி (விண்டோஸ் தன் நிலையைப் பதிந்துவைத்த ஒரு நாள்) ஏதாவது பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து விடுங்கள். டிரைவர்களும், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரிஜிஸ்ட்ரியும் பழைய நிலைக்குப் போகும், உங்கள் கோப்புகளைத் தொடாது. அரை மணி நேரம்கூட ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். பலருடைய பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் நிறையக் கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைக்கப்பட்டே இருக்கும். "மீட்புப் புள்ளி எதுவும் இல்லை" என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம்.

சேஃப் மோட், அதாவது மிகக் குறைந்த டிரைவர்களோடு விண்டோஸை எழுப்பும் முறை, என்று பலரும் சொல்வார்கள். முயன்று பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் சேஃப் மோடும் யூஎஸ்பிக்கு அதே டிரைவரைத்தான் எடுக்கும் என்பதால் உங்கள் விஷயத்தில் பெரிதாக நம்பாதீர்கள். சேஃப் மோடுக்கு நான்கா ஐந்தா என்று எண் கேட்கும் திரையில் கீபோர்டு வேலை செய்யும், எண்ணைத் தட்டியதும் விண்டோஸ் எழுந்து கீபோர்டு மறுபடி செத்துவிடும். அது கணினி உங்களை ஏமாற்றுவதல்ல. அந்த எண் கேட்கும் திரை விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வருவது, அவ்வளவுதான்.

மீட்புப் புள்ளி இல்லாதபோது நான் நம்புவது டிஸ்ம் என்ற கட்டளையை. டி, ஐ, எஸ், எம் என்று நான்கு ஆங்கில எழுத்துகள். படுத்துக் கிடக்கும் விண்டோஸை வெளியிலிருந்து திறந்து, எந்தெந்த டிரைவர்கள் உள்ளே இருக்கின்றன என்று காட்டவும், வேண்டாததை உருவவும் அதனால் முடியும். முதலில் உங்கள் விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நீலத் திரையில் சி என்பது டி ஆக மாறியிருப்பது சகஜம். டிஐஆர் என்று தட்டி இடம்விட்டு சி, முக்காற்புள்ளி போட்டு என்டர் கொடுங்கள். விண்டோஸ், யூசர்ஸ் என்ற ஃபோல்டர்கள் தெரிகிற எழுத்துதான் உங்களுடையது. அது டி என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ம் தட்டி, இடம்விட்டு ஒரு சாய்கோடு, இமேஜ், முக்காற்புள்ளி, டி, மறுபடி முக்காற்புள்ளி, பின்சாய்கோடு. மறுபடி இடம்விட்டு சாய்கோடு, கெட், சிறு கோடு, டிரைவர்ஸ். நீளமான பட்டியல் ஓடும். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு டிரைவருக்கும் ஓஇஎம் என்று தொடங்கி ஓர் எண்ணோடு ஒரு பெயர் இருக்கும், ஓஇஎம்23.ஐஎன்எஃப் என்பது மாதிரி. பக்கத்தில் அது எந்த வகை, எந்தக் கம்பெனி, என்ன தேதி என்று இருக்கும்.

அந்தத் தேதியை நம்பித் தேடாதீர்கள். அது டிரைவரைத் தயாரித்தவர் போட்ட தேதி, உங்கள் கணினியில் வந்து சேர்ந்த நாள் அல்ல. இன்டெல் தன் சிப்செட் கோப்புகள் பலவற்றுக்கு 1968 ஜூலை 18 என்று தேதி போடுகிறது. கம்பெனி தொடங்கிய நாள் அது. அதைவிடத் தேதி புதிதான டிரைவர் இருந்தால் அதற்கே விண்டோஸ் முன்னுரிமை தரட்டும் என்று வேண்டுமென்றே வைத்தது. மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்கள் பெரும்பாலும் 2006 ஜூன் 21 என்று காட்டும், அதுவும் இதே காரணத்துக்குத்தான். பழைய தேதியைப் பார்த்து "இது காலாவதியான டிரைவர்" என்று நினைத்துப் புதிதாக மாற்றுகிறவர்கள் பலர். தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள்கள் பயம் காட்டுவதும் இதை வைத்துத்தான்.

உண்மையான நாளும் நேரமும் வேறொரு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற ஃபோல்டரில், செட்அப்ஏபிஐ.டெவ்.லாக் என்ற ஒரு கோப்பு. இந்தக் கணினியில் இதுவரை நடந்த ஒவ்வொரு டிரைவர் நிறுவலையும் விண்டோஸ் அதில் நாளும் நேரமும் போட்டு எழுதிக்கொண்டே வருகிறது. அதே நோட்பேடில் திறந்து கடைசிக்குப் போங்கள். பிரச்சினை தொடங்கிய நாளன்று, அந்த மணியில், வரிசையாக எத்தனை நிறுவல் நடந்தது என்று தெரியும். ஒவ்வொன்றின் கீழும் எந்தச் சாதனத்துக்கு எந்த ஓஇஎம் எண் போடப்பட்டது என்ற விவரம் இருக்கும். எனக்கு இந்தக் கோப்பின்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. யார் என்ன சொன்னாலும் அது நடந்ததை நடந்தபடி சொல்லும். யூஎஸ்பி, எச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான பொது வகை), கீபோர்டு, மவுஸ் ஆகிய வகைகளில் அன்று போடப்பட்ட எண்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீக்குவது. அதே டிஸ்ம், அதே இமேஜ் பகுதி. அதன் பிறகு கெட்-டிரைவர்ஸ் என்பதற்குப் பதிலாக சாய்கோடு, ரிமூவ், சிறு கோடு, டிரைவர். இடம்விட்டு சாய்கோடு, டிரைவர், முக்காற்புள்ளி, பிறகு குறித்த ஓஇஎம் பெயர் புள்ளி ஐஎன்எஃப் வரை முழுதாக. ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்கிவிட்டால் யூஎஸ்பிக்கு வேறு டிரைவர் எங்கே போவது என்று கவலை வேண்டாம். யூஎஸ்பி 3க்கான டிரைவர் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலே விண்டோஸோடு கூடவே வருகிறது. வெளியிலிருந்து வந்தது போனதும், பெரும்பாலும் அடுத்த முறை எழும்போது விண்டோஸ் தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொள்ளும். ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள்: எஸ்சிஎஸ்ஐ அடாப்டர், எச்டிசி என்ற வகையில் உள்ளவற்றைத் தொடவே கூடாது. அவை டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர்கள். அவை போனால் இப்போது எழுகிற விண்டோஸும் எழாமல் போகும்.

கீபோர்டு மட்டும் போய் மவுஸ் நன்றாக இருந்தால் வேறு இடத்தில் தேடுவேன் என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப், இறுதியாண்டு ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க மூன்று நாள் இருந்தது. விசைகளை மாற்றி அமைக்கும் ஒரு சிறு மென்பொருளைப் போட்டுவிட்டு, பிடிக்காமல் நீக்கியிருக்கிறார். ரீஸ்டார்ட் செய்ததும் கீபோர்டு போச்சு, வெளிக் கீபோர்டைச் செருகினாலும் அதே கதை. அந்த மாதிரி மென்பொருள்கள் கீபோர்டின் பாதையில் தங்களை ஒரு வடிகட்டியாகச் செருகிக்கொள்ளும். நீக்கும்போது தன் கோப்பை அழித்துவிட்டது, ஆனால் ரிஜிஸ்ட்ரியில் தன் பெயரை அழிக்க மறந்துவிட்டது. விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைத் தேடுகிறது, கோப்பு இல்லை, அதனால் கீபோர்டையே தொடங்காமல் விட்டுவிடுகிறது. நீலத் திரையின் கமாண்ட் பிராம்ப்டில் ரிஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட் திறந்து, எச்கேஎல்எம் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் வழியாகப் போய் சிஸ்டம் என்ற கோப்பை ஒரு பெயர் கொடுத்து ஏற்றினேன். அதற்குள் கன்ட்ரோல்செட்001, கன்ட்ரோல், கிளாஸ். அங்கே வரிசையாக அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்கள். முதல் துண்டு 96பி என்று முடிவது கீபோர்டுக்கு, 96எஃப் என்று முடிவது மவுஸுக்கு. 96பிக்குள் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்பைத் திறந்தால் இரண்டு வரி இருந்தது: கேபிடிகிளாஸ் ஒன்று, அதோடு அந்த மென்பொருளின் பெயர் ஒன்று. இரண்டாவதை மட்டும் அழித்து, அன்லோட் ஹைவ் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தோம். லாகின் திரையில் அந்தப் பெண் கேப்ஸ் லாக்கைத்தான் முதலில் அழுத்தினார், விளக்கு எரிந்தது. அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

கீபோர்டுக்கு கேபிடிகிளாஸ், மவுஸுக்கு மவ்கிளாஸ். இந்த இரண்டு சொல்லையும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். யாரோ ஒருவர் "அப்பர்ஃபில்டர்ஸை முழுசா டெலிட் பண்ணுங்க" என்று எழுதியதைப் பார்த்துச் செய்துவிட்டு, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த அறிவுரை சிடி, டிவிடி டிரைவ் காணாமல் போகும் பிரச்சினைக்கு உரியது, கீபோர்டுக்குப் பொருந்தாது. இன்னொரு பழைய அறிவுரை, ரெக்பேக் ஃபோல்டரிலிருந்து ரிஜிஸ்ட்ரியைத் திரும்ப எடுப்பது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் அங்கே நகல் எடுத்து வைப்பதையே நிறுத்திவிட்டது. போய்ப் பார்த்தால் கோப்புகள் இருக்கும், அளவு பூஜ்யமாக இருக்கும்.

டிரைவரை நீங்கள் எதுவும் செய்யாமலே, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனவர்களும் இதைப் படிக்கலாம். 2018 பிப்ரவரி 13 அன்று விண்டோஸ் 10க்கு வந்த கேபி 4074588இல் அப்படி நடந்தது. புதிய டிரைவரை நிறுவாமல் தாண்டிப் போய்விட்டு, பழையதைப் பராமரிப்பு நேரத்தில் நீக்கிவிட்டது. சிலருக்கு யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும், லேப்டாப்பின் சொந்தக் கேமராவும்கூட நின்றுபோயின. மார்ச் 5 அன்று வந்த கேபி 4090913தான் சரிசெய்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நீலத் திரையில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்ற வாய்ப்பில் கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்கினால் போதும்.

லினக்ஸில் இதே மாதிரி ஆனால் வேலை இன்னும் சுலபம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக மாறிய பிறகு கீபோர்டு போனால், கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலில் எழுப்புங்கள். வரைகலைத் திரையில் மட்டும் அசையவில்லை என்றால் கீபோர்டு, மவுஸ் உள்ளீட்டுக்கான எக்ஸ் (வரைகலைத் திரையை இயக்கும் அமைப்பு) தொகுப்புகள் நீங்கியிருக்கலாம். ரெகவரி மோடில் போய் அவற்றை மறுபடி நிறுவ வேண்டும்.

இவ்வளவும் செய்தும் நடக்கவில்லை என்றால், டிரபிள்ஷூட்டில் "ரீசெட் திஸ் பிசி" என்பதில் "கீப் மை ஃபைல்ஸ்" இருக்கிறது. உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். கணக்கு மென்பொருளை மறுபடி நிறுவி, லைசென்ஸ் எண்ணையும் தேட வேண்டியிருக்கும். கணக்கை வெளியே எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். சர்வீஸ் கடைக்குப் போவதாக இருந்தாலும் அந்தப் பென் டிரைவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கீபோர்டு உயிர்பெற்று உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, அந்த டிரைவர் மென்பொருளை நீக்குவது. இல்லாவிட்டால் பின்னணியில் ஓடி மறுபடி அதையே போட்டுவிடும். அடுத்து, சர்ச் பெட்டியில் கிரியேட் ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடி, சி டிரைவுக்குப் பாதுகாப்பை இயக்கி, அப்போதே ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். பிட்லாக்கர் சாவியை ஒரு தாளில் எழுதிக் கல்லாப் பெட்டியில் வையுங்கள்.

அப்புறம், பிரின்டர். இத்தனைக்கும் காரணமான அந்தப் பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது யூஎஸ்பி டிரைவரால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. கடைகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் வரிசையில் சிக்கிக்கொண்ட ஒரு பில்தான். சர்வீசஸ் என்று தேடித் திறந்து, அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழிக்க வேண்டாம். ஸ்பூலரை மறுபடி தொடங்கி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பிரின்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை மட்டும் எடுத்துப் போடுங்கள்.